கொடுங்கோலன் பந்தியில் ஒரு பயணி

கொல்லிமலையில் ஊர்த்தொகுதிகளுக்கு இன்றும் ‘நாடு’ என்றே பெயர். பைல் நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று அப்பெயர்கள் தொடர்கின்றன. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலையேறும் இன்றைய பயணியர் ஆகாய கங்கை அருவியைக் காண்கின்றனர். அறப்பளீசுவரர் கோயிலைக் காண்கின்றனர். செம்மேட்டில் நிற்கும் வல்வில் ஓரியின் சிலையைக் கண்டு திரும்புகின்றனர். ஆடி மாதத்தில் அவன் பெயரால் அரசு விழாவும் நடைபெறுகிறது.

ஓரி கடையெழு வள்ளல்களுள் ஒருவன். வன்பரணரும் கழைதின் யானையாரும் அவனைப் பாடியுள்ளனர். அவனைப் போரில் கொன்று, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தவன் மலையமான் திருமுடிக்காரி என்பது அகநானூற்றால் நாம் அறியும் செய்தி. இதில் வியப்பு என்னவென்றால், அந்தக் காரியும் கடையெழு வள்ளல்களுள் ஒருவனே. கபிலரால் பாடப் பெற்றவன். கொன்றவனும் வள்ளல், கொல்லப்பட்டவனும் வள்ளல். மலையில் அன்று வாழ்ந்த குடிகள் இந்த ஆட்சி மாற்றத்தை எவ்வாறு தாங்கினர், சேரனுக்கு என்ன திறை கொடுத்தனர் என்பதைச் சொல்ல எந்தப் பாணனும் முன்வரவில்லை. அவர்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. பாணன் ஊர்விட்டு ஊர் செல்பவன்; பசித்தவன்; சோறிட்டவனைப் பாடினான். இன்ன வள்ளலிடம் இன்ன வழியாகப் போ என்று காட்டுவதற்கென்றே ஆற்றுப்படை என்னும் ஓர் இலக்கிய வகையை நம் முன்னோர் படைத்திருக்கின்றனர். விருந்துண்டவனின் நாக்கு விருந்தளித்தவனுக்குக் கடன்பட்டுப் போவது மிகப் பழைய சங்கதி என்பதைக் காட்டவே இதனைக் குறித்தோம்.

இந்தப் பழைய சங்கதி நம் காலத்தில் ஒரு பெரிய வினாவாக எழுந்து நிற்கிறது. மக்களை ஒடுக்கும் அரசு நடக்கும் நாட்டுக்கு உல்லாசப் பயணம் போகலாமா? அங்கே நாம் செலவிடும் பணம் யார் கைக்குப் போய்ச் சேர்கிறது? நம் வருகையே அந்த அரசுக்கு ஒரு நற்சான்றிதழ் ஆகிவிடாதா? அல்லது, நாம் போகாமல் இருந்தால் அம்மக்களின் குரல் வெளியே வரும் ஒரு வாயிலும் அடைபட்டுப் போகுமா? 1946இலேயே தென்னாப்பிரிக்காவுடன் வாணிபத்தை நிறுத்திக்கொண்ட நாடு இந்தியா. இந்தியக் கடவுச்சீட்டு தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லாது என்றிருந்த காலம் நம்மில் முதியோர் பலருக்கு நினைவிருக்கும். அங்கே நிறவெறி ஆட்சி ஒழிந்த 1994 வரை இவ்வினாவுக்கு விடை எளிதாகவே இருந்தது. மற்ற இடங்களில் அத்தனை எளிதாக இல்லை.

ஆகவே, பொதுவாக வாதிடுவதை விடுத்து, ஒரு மனிதரின் வழியாக இதை அணுக விரும்புகிறோம். அவர் நம் தமிழ் மண்ணுக்கே வந்தவர். கொடுங்கோலன் ஒருவனின் பந்தியில் அமர்ந்து உண்டவர். பிறகு அதை எழுதியும் வைத்தவர். அவர் மொராக்கோ நாட்டுத் தன்ஜா நகரில் 1304இல் பிறந்த இப்னு பதூதா.

1325இல் ஹஜ்ஜுக்கென்று புறப்பட்ட அந்த இளைஞர், 1333இல் சிந்து நதிக்கரையை அடைந்தார். தில்லியில் முஹம்மது பின் துக்ளக் அவரைக் காஜியாக நியமித்தான். ஆண்டுக்கு 12,000 தீனார் சம்பளம். போதாக்குறைக்குச் சில கிராமங்களின் வருவாய். துக்ளக்கைப் பற்றிப் பதூதா எழுதியதன் சாரம் இது: அவனுடைய அரண்மனை வாயிலில் செல்வனாக்கப்பட்ட ஓர் ஏழையையோ, கொல்லப்பட்ட ஒரு மனிதனையோ எப்போதும் காணலாம். தாமும் அந்த வாயிலில் செல்வரானவரே என்பதை அவர் மறைக்கவில்லை. ஒருமுறை, சுல்தானின் சினத்துக்கு ஆளான ஷைகு ஷிஹாபுத்தீனைச் சந்தித்த குற்றத்துக்காக அவரே காவலில் வைக்கப்பட்டார். ஷைகு கொல்லப்பட்டார், பதூதா தப்பினார். தப்பியவர் உடைமைகளைத் துறந்து சில மாதம் துறவிபோல் வாழ்ந்தார். பின்னர்ச் சீனத்துக்குத் தூதராகச் செல்லும்படி சுல்தான் அழைத்தபோது ஏற்றுக்கொண்டார்.

தூது வழியிலேயே குலைந்தது. மாலத்தீவில் காஜியாக இருந்து, அங்குள்ள பெரிய குடும்பங்களில் மணம் முடித்து, பகை தேடிக்கொண்டு 1344இல் வெளியேறினார். மஅபருக்கு, அதாவது நம் சோழமண்டலக் கரைக்குப் போக எண்ணிய மரக்கலத்தைக் காற்று இலங்கையின் புத்தளம் பக்கம் தள்ளியது. இங்கேதான் நாம் கவனிக்கவேண்டிய ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. மாலுமிகள் கரையிறங்க மறுத்தனர். வணிகர்கள் அஞ்சாமல் போகத்தக்க அரசனின் துறை இதுவன்று, இது ஆரியச் சக்கரவர்த்தியின் துறை, அவன் கொடியவன், கடற்கொள்ளைக் கப்பல்கள் வைத்திருப்பவன் என்றனர். இக்காலத்தில் வெளியுறவு அமைச்சகங்கள் வெளியிடும் பயண எச்சரிக்கைக்கும் மாலுமிகளின் இந்தப் பேச்சுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

பதூதா துணிந்து இறங்கினார். தாம் மஅபர் சுல்தானுக்கு மைத்துனர் என்று சொல்லிக்கொண்டார். யாழ்ப்பாண அரசன் அவரை அருகே அமர்த்திப் பாரசீக மொழியில் உரையாடினான். தன் முத்துக்களைக் காட்டினான். நல்ல முத்துக்களைப் பரிசளித்தான். வேறு என்ன வேண்டும் என்று அவன் கேட்க, பாவா ஆதம் மலையைக் காணவேண்டும் என்றார் பதூதா. பல்லக்கு வந்தது. யோகியர் நால்வர், பார்ப்பனர் மூவர், அரசனின் ஆட்கள் பதின்மர், சுமை தூக்குவோர் பதினைவர் உடன் வந்தனர். அந்த மலைப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய பக்கங்கள் இனிமையானவை. குரங்குகள், அட்டைகள், இரும்புச் சங்கிலிகள், பாதச்சுவடு எல்லாம் உண்டு. ஆனால், மாலுமிகள் சொன்ன அந்தக் ‘கொடியவன்’ எங்கே? பல்லக்கு வந்த பிறகு அச்சொல் அவருடைய ஏட்டில் திரும்பவில்லை. ஆரியச் சக்கரவர்த்தி மெய்யாகவே கொடியவனா, மாலுமிகளின் அச்சம் மிகைப்பட்டதா என்பது வேறு ஆராய்ச்சி. முத்துப் பெற்ற விருந்தினர் அதை ஆராயவில்லை என்பதே இங்கு நமக்குப் பொருள்.

இலங்கையிலிருந்து கிளம்பிய கலம் சோழமண்டலக் கரையருகே உடைந்தது. கரையேறியவர் மஅபர் சுல்தான் கியாசுத்தீன் தாமகானியின் பாளையத்தை அடைந்தார். தில்லியின் ஆளுநராக வந்து, 1330களில் மதுரையில் தனியரசு நாட்டியவர் ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா. அவருடைய ஒரு மகளைப் பதூதா தில்லியில் மணந்திருந்தார். இன்னொரு மகளை மணந்தவன் இந்தக் கியாசுத்தீன். ஆகவே இங்கு அவர் வெறும் விருந்தினர் அல்லர், உறவினர்.

அங்கே அவர் கண்டவற்றை அவரே விவரிக்கிறார். காட்டுவழியில் படை செல்லும்போது பிடிபட்ட இந்துக் குடிகள் இரு முனையும் கூர்மையாக்கிய கழுமரங்களைத் தாமே தம் தோளில் சுமந்துவரச் செய்யப்பட்டனர். மறுநாள் காலை பாளையத்தின் நான்கு வாயில்களிலும் அக்கழுக்களை நட்டு அவர்களை ஏற்றினர். அவர்தம் மனைவியரும் கைக்குழந்தைகளும் அங்கேயே கொல்லப்பட்டனர். இது மிக இழிந்த செயல், வேறெந்த மன்னனும் இவ்வாறு செய்ததாகத் தாம் அறியவில்லை என்று பதூதா கூறுகிறார். இதன்பொருட்டே இறைவன் அவனுடைய முடிவை விரைவுபடுத்தினான் என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

இன்னொரு நாள் சுல்தானுடன் உணவருந்திக்கொண்டிருக்கிறார். வலப்பக்கம் காஜி, இடப்பக்கம் பதூதா. ஓர் இந்துவையும், அவன் மனைவியையும், ஏழு வயது மதிக்கத்தக்க மகனையும் கொண்டுவருகின்றனர். சுல்தான் கையால் குறிப்புக் காட்டுகிறான். முதலில் அவன் தலை. பிறகு மனைவியும் மகனும். பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுந்தபோது தலைகள் தரையில் கிடந்தன.

பிறிதொரு நாள் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினர். சுல்தான் ஏதோ சொன்னதும் கத்திகள் உருவப்பட்டன. பதூதா எழுந்துவிட்டார். எங்கே போகிறீர் என்று சுல்தான் கேட்டான். அஸர் தொழப் போகிறேன் என்றார். சுல்தான் அவருடைய உட்கருத்தை உணர்ந்து சிரித்தான். அவர் திரும்பி வந்தபோது அம்மனிதன் கைகால் வெட்டுண்டு இரத்தத்தில் கிடந்தான்.

அந்தச் சிரிப்பைப் பற்றிச் சற்று நின்று சிந்திக்கவேண்டும். ஒரு காஜி, மார்க்கச் சட்டம் கற்ற ஆலிம், கண்முன் நடக்கும் அநீதியிலிருந்து தப்ப ஒரு தொழுகையைத் துணைக்கு அழைக்கிறார். அது பொய்யன்று, அஸர் வேளை வந்திருக்கலாம். எனினும் கேட்டவனுக்கு அது சாக்கு என்று தெரிந்துவிட்டது. அதனால் அவனுக்கு எந்த இடையூறும் இல்லை என்பதும் தெரிந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொள்ளும் விருந்தினனைக் கண்டு எந்தக் கொடுங்கோலனும் அஞ்சியதில்லை. எழுந்து போகிறவன் திரும்பி வந்து அதே இடத்தில் அமர்வான் என்பது அவனுக்குத் தெரியும்.

பதூதா திரும்பி வந்து அமர்ந்தது மட்டுமன்று. தாம் மனக்கசப்புடன் விட்டுவந்த மாலத்தீவின் மீது படையெடுக்கும்படி இதே சுல்தானுக்கு யோசனை கூறியிருந்தார். சுல்தான் இசைந்தான், கப்பற்படைத் தலைவனோ, இன்னும் மூன்று மாதத்துக்கு அத்தீவுகளுக்குக் கலம் செலுத்த இயலாது என்றான். பதூதா காத்திருந்தார். கழுமரங்களைக் கண்ட அதே கண்கள் மூன்று மாதம் பருவக்காற்றை எதிர்நோக்கியிருந்தன! இதையும் அவரே எழுதியிருக்கிறார் என்பதை மறந்துவிடலாகாது.

மதுரை நகரில் அப்போது கொள்ளைநோய் பரவியிருந்தது. சுல்தானின் மகன் இறந்தான், தாய் இறந்தாள், பின்னர் சுல்தானும் இறந்தான். கோட்டைச் சுவரிலோ இன்னொரு காட்சி. போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் கண்ணனூர்ப் போரில் பிடிபட்டிருந்தான். விடுவிப்பதாக ஆசைகாட்டி அவனுடைய செல்வத்தையும் யானை குதிரைகளையும் பெற்றுக்கொண்ட பின் அவனைக் கொன்று, தோலை உரித்து, வைக்கோலைத் திணித்து மதுரைச் சுவரில் தொங்கவிட்டிருந்தனர். அது தொங்கிக்கொண்டிருக்கத் தாம் கண்டதாகப் பதூதா எழுதுகிறார். அடுத்து வந்த நாசிருத்தீன் படையெடுப்புத் திட்டத்தை நிறைவேற்றத் தயாராக இருந்தான். ஆனால் காய்ச்சலில் வீழ்ந்து எழுந்த பயணிக்கு அந்த ஊரில் இருக்க மனம் ஒப்பவில்லை, விடைபெற்றுப் போனார்.

இவை அனைத்தையும் அவர் ஏட்டில் ஏற்றியது எப்போது? பல ஆண்டு கழித்து, ஃபாஸ் நகரில், மொராக்கோ சுல்தானின் ஆணைப்படி, இப்னு ஜுஸய் என்னும் எழுத்தாளரிடம் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு 1355இல் நிறைவுற்றது அவருடைய ரிஹ்லா. மதுரைக்கும் ஃபாஸுக்கும் இடையே கடல்களும் பாலைகளும் கிடந்தன, கியாசுத்தீனும் மண்ணாகிவிட்டிருந்தான். அந்தத் தொலைவே அவருக்கு நாக்கைத் தந்தது. அன்றைக்கும் ஃபாஸ் அவையினர் பலர் அவரைப் பொய்யர் என்று முணுமுணுத்ததை இப்னு கல்தூன் பதிவு செய்திருக்கிறார்.

ஆனாலும் அவர் சொன்னார் என்பதை நாம் பெரிதாக மதிக்கிறோம். பெயர் தெரியாத அந்தக் குடும்பமும், அந்த ஏழு வயதுச் சிறுவனும் உலகில் வாழ்ந்ததற்கு இன்று நம் கையில் இருக்கும் சாட்சி, பந்தியில் அமர்ந்திருந்த அந்த ஒருவரே. சுல்தான் முஸ்லிம், சாட்சியும் முஸ்லிம், அதற்காக அவர் சாட்சியத்தை விழுங்கிவிடவில்லை. இப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து ஒரு சமுதாயத்தின் தலையில் பழி சுமத்துவோர் உண்டு. இப்பகுதியை மட்டும் தாண்டிச் சென்று மதுரை சுல்தான்களின் பெருமை பேசுவோரும் உண்டு. இரு சாராரும் பதூதாவை முழுமையாகப் படிக்கவில்லை என்பதே நம் எண்ணம்.

அவர் கரையிறங்கிய புத்தளத்துக்கு மீண்டும் வருவோம். ஏறத்தாழ 650 ஆண்டு கடந்து வருவோம். 1990 அக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் இரண்டு மணி நேரத் தவணை. 70,000க்கும் மேற்பட்ட மக்கள் வீடு, கடை, நகை அனைத்தையும் இழந்து வந்தனர். அவர்களுள் பெரும்பகுதியினர் அடைக்கலம் புகுந்தது புத்தளம் மாவட்டத்தின் ஓலைக் கொட்டகைகளில். அதற்கு முன், ஆகஸ்டு 3 அன்று, காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

2002இல் போர்நிறுத்தம் வந்தது. ஏ9 நெடுஞ்சாலை திறந்தது. கொழும்பிலிருந்தும் கடல்கடந்த நாடுகளிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் பயணிகள் கிளிநொச்சிக்குப் போயினர். புலிகளின் நீதிமன்றத்தையும், வங்கியையும், வேகமாகச் செல்லும் வண்டிகளுக்கு ஒழுங்காக அபராதம் விதிக்கும் காவலரையும் கண்டு மெய்சிலிர்த்து எழுதினர். இங்கே வாழ்ந்த முஸ்லிம்கள் எங்கே என்று கேட்டு எழுதியோர் அரியர். பள்ளிப் பிள்ளைகளைப் படைக்கு இழுத்துச் செல்வதைக் கேட்டு எழுதியோரும் அரியர். பல்லக்கு வேறாயினும் பயணி அதே பயணிதான். அரசு என்று உலகம் ஒப்புக்கொள்ளாத ஆட்சியும் ஆட்சியே. அதன் பந்திக்கும் இவ்வினா பொருந்தும். நம் இனத்தவர் என்னும் பாசமும் ஒரு முத்துப் பரிசில்தான் என்பதைத் தமிழர்களாகிய நாம் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. அடுத்து வந்த காட்சி வேறுவகை. ஏறத்தாழ மூன்று இலட்சம் தமிழர் முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவற்றுள் பெரியதான மெனிக் பாம் 2012 செப்டம்பரில்தான் மூடப்பட்டது. அதற்குள்ளாகவே தெற்கிலிருந்து பேருந்து பேருந்தாகச் சுற்றுலாக் கூட்டம் வடக்கே வரத் தொடங்கிவிட்டது. கிளிநொச்சியில் தகர்ந்து வீழ்ந்த தண்ணீர்த் தொட்டி காட்சிப் பொருளாயிற்று. புதுக்குடியிருப்பில் பிரபாகரனின் நிலவறை வீடு காட்சிப் பொருளாயிற்று. 2013இல் இராணுவமே அதைத் தகர்க்கும்வரை மக்கள் வரிசையில் நின்று பார்த்தனர். காங்கேசன்துறையில், உயர் பாதுகாப்பு வலயத்துக்குள், தல்செவன என்ற பெயரில் இராணுவம் கடற்கரை விடுதியொன்று நடத்தியது. வலிகாமம் வடக்கின் மக்கள் தங்கள் சொந்தக் காணியைக் காண அனுமதியின்றி முகாம்களில் காத்திருந்த காலத்தில், பணம் செலுத்திய பயணி அதே கடலில் நீராட முடிந்தது. விருந்தினனுக்குத் திறந்திருந்த வாயில் வீட்டுக்காரனுக்கு மூடியிருந்தது.

தமிழ்நாடு இதற்கு எவ்வாறு எதிர்வினை ஆற்றியது? 2010 ஜூனில் கொழும்பில் நடந்த இந்தியத் திரைப்பட விருது விழாவைத் தென்னிந்தியத் திரையுலகம் புறக்கணித்தது. ஒரு கலைவிழாவை அணிகலனாகப் பூணவிருந்த அரசுக்கு அதை மறுத்தது நியாயமான செயல் என்றே நாம் கருதுகிறோம். ஆனால், 2012 செப்டம்பரில் பூண்டி மாதா, வேளாங்கண்ணிக் கோயில்களுக்கு வந்திருந்த சிங்கள யாத்திரிகர்களின் பேருந்துகள் மீது கல்லெறியப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் அஞ்சி நடுங்கித் திரும்பினர். அரசைக் கண்டிப்பது ஒன்று. அந்நாட்டின் பயணியை அரசாகவே கருதித் தாக்குவது மற்றொன்று. வழிப்போக்கனுக்கு உரிமைப் பங்கு வகுத்த மார்க்கத்தைப் பின்பற்றும் நமக்கு இந்த வேறுபாடு விளங்காமல் இராது.

இலங்கை முஸ்லிம்களின் நெஞ்சில் ஆறாதிருக்கும் இன்னொரு காலக்கணக்கும் உண்டு. 2020 ஏப்ரலில், கொரோனாவால் இறந்தோர் அனைவரையும் எரித்தே ஆகவேண்டும் என்று இலங்கை அரசு ஆணையிட்டது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியும் அரசு கேட்கவில்லை. பிறந்து சில நாளேயான பச்சிளங் குழந்தையின் ஜனாஸாவும் பெற்றோரின் ஒப்புதலின்றி எரியூட்டப்பட்டது. அந்த 2020 டிசம்பர் இறுதியில் உக்ரைன் நாட்டுச் சுற்றுலாப் பயணிகளுடன் மத்தள விமான நிலையத்தில் விமானம் இறங்கியது. 2021 ஜனவரி 21இல் விமான நிலையங்கள் பயணிகளுக்கு முழுமையாகத் திறக்கப்பட்டன. ஜனாஸாவை அடக்கம் செய்ய அனுமதி கிடைத்ததோ பிப்ரவரி இறுதியில்! இடைப்பட்ட அந்த வாரங்களில் இலங்கை மண் வெளிநாட்டாரின் உல்லாசத்துக்குத் திறந்திருந்தது. சொந்தக் குடிகளின் மையித்துக்கு மூடியிருந்தது. கடற்கரையில் வெயில் காய்ந்த பயணிகளுக்கு இது தெரிந்திருக்குமா? பெரும்பாலோருக்குத் தெரிந்திராது. தெரியாமல் வைத்திருப்பதுதான் அத்தகைய அரசுகளின் விருந்தோம்பல். 2024 ஜூலையில் இலங்கை அரசு இதற்காக மன்னிப்புக் கோர முடிவு செய்தது.

அப்படியானால் போகாதிருப்பதே அறமா? பர்மாவின் அனுபவத்தை இங்கே நோக்குவது தகும். நம்மவர் மூன்று தலைமுறை கடை வைத்து வாழ்ந்து, 1962 இராணுவப் புரட்சிக்குப் பின் கடைகள் நாட்டுடைமையாகி, வெறுங்கையுடன் கப்பலேறி வந்த நாடு அது. அந்நாட்டு இராணுவ ஆட்சி 1996இல் சுற்றுலா ஆண்டு கொண்டாட முனைந்தது. மாந்தலே அரண்மனை அகழியைத் தூர்வாரக் குடிமக்களும் கைதிகளும் கட்டாய வேலை செய்ய வைக்கப்பட்டனர். ஆங் சான் சூ கீ அம்மையார், இப்போது வராதீர்கள் என்று உலகத்தைக் கேட்டுக்கொண்டார். அது தெளிவான வேண்டுகோள், பலர் மதித்தனர். 2010ஐ ஒட்டி அவருடைய கட்சி நிலையைத் தளர்த்தி, கூட்டமாக வரும் சுற்றுலா வேண்டாம், தனியாக வருவோர் வரலாம் என்றது. பிறகு நடந்தது யாவரும் அறிந்ததே. 2017 ஆகஸ்டு முதல் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் வங்கதேசத்துக்கு ஓடினர். எவருடைய சொல்லைக் கேட்டு உலகம் பயணத்தை நிறுத்தியதோ, அந்த அம்மையாரே 2019 டிசம்பரில் ஹேக் நகரின் உலக நீதிமன்றத்தில் தம் நாட்டுக்காக வாதாடினார். 2021 பிப்ரவரியில் இராணுவம் அவரையே சிறைப்படுத்தியது.

ஒடுக்கப்பட்டோரைக் கேட்டு முடிவு செய் என்பது நல்ல நெறிதான். ஆயினும் ஒடுக்கப்பட்டோருக்குள்ளும் குரல் வெளியே கேட்பவர் உண்டு, கேட்காதவர் உண்டு. அரக்கானின் சிற்றூர்களில் இருந்தோரிடம் எவரும் கேட்டதில்லை. புத்தளக் கொட்டகையில் இருந்தோரிடமும் கேட்டதில்லை.

நம் முடிவைக் கேட்பின் கூறுவோம். ஓர் அரசு தன் குற்றத்தை மூடுவதற்கென்றே பந்தி விரிக்கும்போது அதில் அமராதிருப்பது கடமை. கட்டாய வேலையால் வெட்டப்பட்ட அகழியின் கரையிலும், துரத்தப்பட்டோர் காணியில் எழுந்த விடுதியிலும் தங்குவதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. ஸியாரத் போகிறோம், யாத்திரை போகிறோம் என்பதும் விலக்கு ஆகாது. பதூதாவும் ஆதம் மலைக்குத்தான் போனார். மற்றபடி, உறவினர் வீட்டில் தங்கி, சிறு கடைகளில் உண்டு, கேட்கத் தெரிந்த காதுடன் போகிறவரைத் தடுப்பதில் நமக்கு உடன்பாடில்லை. திருக்குர்ஆன் பூமியில் பயணம் போகச் சொல்லும் இடங்களில் முன்னையோருக்கு நேர்ந்த முடிவைப் பார்க்கும்படியும் சொல்கிறது. கண்ணை மூடிக்கொண்டு போகச் சொல்லவில்லை. போய்வந்தவர் வாய் திறக்காமலிருப்பதைத்தான் நம்மால் பொறுக்க இயலவில்லை. பதூதாவுக்குப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. இன்றைய பயணி ஊர் திரும்பிய மறுநாளே அருவியின் படத்தையும் விருந்தின் படத்தையும் நண்பர்க்கெல்லாம் அனுப்பிவிடுகிறார். கூடவே இன்னொரு செய்தியையும் அனுப்பினால் தடுப்பார் யார்?

2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணியர் கப்பல் தொடங்கியது. இடையில் நின்று 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. நாகூருக்குப் பக்கத்துத் துறையில் ஏறி, ஒரு பகல் பொழுதுக்குள் யாழ்ப்பாண மண்ணில் இறங்க வழி பிறந்தது. தல்செவன இருந்த அதே காங்கேசன்துறை அது; வலயத்துக்குள் சிக்கிய காணிகள் சிறிது சிறிதாகவே உரியவர்களிடம் திரும்பின. அங்கிருந்து பயணிகள் நல்லூர்க் கோயிலுக்குப் போகின்றனர், 1981இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த நூலகத்துக்குப் போகின்றனர், கோட்டைக்குப் போகின்றனர். இவை யாவும் காணவேண்டியவையே. சோனகத் தெரு அவர்களுடைய பட்டியலில் பெரும்பாலும் இருப்பதில்லை. போருக்குப் பின் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. பள்ளிவாசலில் மீண்டும் பாங்கு ஒலிக்கிறது. திரும்பாதவர்களின் பிள்ளைகளோ புத்தளத்திலேயே பிறந்து, வளர்ந்து, மணமுடித்துப் பெரியவர்களாகிவிட்டனர். நூலகத்திலிருந்து அத்தெருவுக்கு ஆட்டோவில் போகக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது.